செடி விளக்கு வாங்கியவர்கள் சொல்லுங்கள்: இலைக்கு எது, பூவுக்கு எது?

பனிக்காட்டு மல்லிகை, ஸ்கார்பரோ

டிசம்பரில் டொரன்டோவில் பகல் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்தான். அதிலும் பாதி நாட்கள் மூட்டம். தெற்கு ஜன்னலோரம் வைத்த கறிவேப்பிலை இலையுதிர்காலத்திலேயே அடி இலைகளைப் பழுக்கவிட்டு உதிர்க்கத் தொடங்கும்; தைப்பொங்கலுக்குள் வெறும் குச்சிதான். இங்கே கறிவேப்பிலை வளர்க்கிற தமிழ் வீடுகளில் இது வருடாவருடம் கேட்கிற புலம்பல்.

அதனால் செடிகளுக்கென்று நான் வாங்கியவை நான்கடி நீள வெள்ளை எல்இடி விளக்குப் பட்டைகள். ஊதா வெளிச்சம் தரும் பலகையையும் கடையில் எரியவிட்டுக் காட்டினார்கள். வேண்டாமென்று விட்டுவிட்டேன். அந்த நிறத்தில் இலை பழுத்திருக்கிறதா, செஞ்சிலந்தி (இலைச்சாறு உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி) வலை கட்டியிருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டு செஞ்சிலந்தி வந்தே தீரும் என்பதால், இலையின் அடிப்புறம் கண்ணுக்குத் தெரிவது எனக்கு முக்கியம். வெள்ளை எல்இடி என்பதும் நீல ஒளி தரும் சில்லின்மேல், அந்த நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பாஸ்பர் பூசியதுதானே. செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் அதிலேயே இருக்கின்றன.

நுனிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டேன். காலை ஆறுக்கு எரிந்து இரவு எட்டுக்கு அணையும்படி டைமர். பட்டைக்கு நேர் கீழே வந்த துளிர்களில் கணுக்கள் நெருக்கமாக, இலை தடிப்பாக இருந்தது. அதே செடியில் பக்கவாட்டில் ஓடிய ஒரு கிளை கணுவுக்குக் கணு விரலளவு இடைவெளி விட்டு, வெளிறி, ஜன்னலைப் பார்த்து வளைந்துகொண்டது. விளக்கை எங்கே தொங்கவிடுவது என்பதை அந்தக் கிளையே சொல்லிவிட்டது.

கறிவேப்பிலையில் குறையில்லை. மல்லிகைதான் பிடிவாதம் பிடிக்கிறது. இலை தளதளவென்று இருக்கிறது, அரும்பு இல்லை. கடைகளில் ‘பூக்கும் பருவ விளக்கு’ என்று தனியாகச் சிவப்பு விற்கிறார்கள். அதை வாங்க வேண்டுமா?

சாமந்திக்காரன், ஓசூர்

அக்கா, அவசரப்பட்டு வாங்காதீர்கள். நாங்கள் பசுமைக்குடிலில் கொய்மலர்ச் சாமந்தி போடுகிறோம். இரவில் இந்தப் பக்கம் போகிறவர்கள் குடில்கள் ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, பூப்பதற்காக விளக்குப் போட்டிருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். பூக்காமல் இருப்பதற்காகத்தான் போடுகிறோம்!

சாமந்தி இரவு நீண்டால் மொட்டு வைக்கிற செடி. ஓசூரில் ஆண்டு முழுவதும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அப்படியே விட்டால் நட்ட குச்சி முழங்கால் உயரம் வருமுன்னே மொட்டுக் கட்டிவிடும். குட்டைக் காம்புக்குச் சந்தையில் மதிப்பில்லை. அதனால் காம்பு நீளும்வரை, இரவு பத்து மணிவாக்கில் விளக்கேற்றி நள்ளிரவு தாண்டி அணைக்கிறோம். நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடைகிறது, செடி அதைக் கோடை என்று எடுத்துக்கொள்கிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறோம். மொட்டு தானாக வருகிறது.

இதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேட்டால் சிரிப்பீர்கள். செடியின் தலைமட்டத்தில் 100 லக்ஸ் (ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) இருந்தால் போதும். வீட்டுக் கூடத்தில் ட்யூப்லைட் தருகிற அளவுதான். அந்த வெளிச்சத்தில் செடி ஓர் இலைகூடக் கூடுதலாக வளராது. வளர்ச்சிக்கு வேண்டியது வேறு கணக்கு, பூப்பதற்கான சமிக்ஞை வேறு கணக்கு. முன்பு குண்டு பல்பு போட்டிருந்தோம், இப்போது எல்இடி. மின்கட்டணம் இறங்கியது, செடிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சும்மா அனுபவப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். பகல் நீளத்துக்குச் செடி கட்டுப்படுகிறது என்பதை அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்து 1920லேயே எழுதிவிட்டார்கள். நடு இரவில் சிவப்பு ஒளி பட்டால் இருட்டுக் கணக்குக் கலைகிறது, உடனே தொலைசிவப்பை (சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு அரிதாகவே தெரிகிற ஒளி) காட்டினால் அந்தக் கலைப்பு ரத்தாகிறது என்பதும் பிறகு கண்டுபிடித்ததுதான்.

எட்டாவது மாடி, சென்னை

ஓசூர்த் தம்பி சொன்னதை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். கலஞ்சோ செடியை நர்சரியிலிருந்து பூவோடு வாங்கி வருவோம், பிறகு ஜென்மத்துக்கும் பூக்காது. ஒரே வயதுச் செடிகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே விட்டேன். இன்னொன்றை மாலை ஐந்தரைக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை எட்டுக்குத் திறந்து, பகலில் ஜன்னல் வெளிச்சம் காட்டினேன். நாள் தவறாமல் மூட வேண்டும் என்பதால் மாமியாருக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. ஆறு வாரம் தாண்டியதும் மூடிய செடியின் நுனியில் கடுகு கடுகாகப் பச்சை அரும்புகள். தொலைக்காட்சிச் செடி இலை மட்டும் பெருத்து நிற்கிறது. இரவு பதினொன்று வரை கூடத்தில் விளக்கு எரிகிற வீட்டில் எவ்வளவு விலையுள்ள செடி விளக்கு வாங்கினாலும் கலஞ்சோ பூக்காது.

எல்லாச் செடியும் இருட்டை எண்ணுவதில்லை. பலனாப்சிஸ் ஆர்க்கிட் குளிர்ச்சியைத்தான் பார்க்கிறது. சென்னை வெக்கையில் வெளியே இலை மட்டும் விட்டுக்கொண்டிருந்த செடி, ஏசி ஓடுகிற படுக்கையறைக்கு மாறிய பிறகுதான் தண்டு நீட்டியது. மிளகாய், தக்காளிக்குப் பகல் நீளம் பெரிய விஷயமே இல்லை. வெளிச்சம் நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

பழுதுபார்க்கிறவன், கோவை

விளக்குகளைப் பிரித்துப் பார்க்கிற ஆள் நான். சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்ட பலகையை மீட்டரில் மாட்டினால் பெரும்பாலும் 100 வாட்டுக்கு அங்கே இங்கே காட்டும். உள்ளே இருக்கிற டையோடுகள் ஒவ்வொன்றின் உச்ச வரம்பையும் கூட்டி எழுதிய எண் அது. லுமனையும் நம்பி வாங்காதீர்கள். அது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்குத்தான் அதில் அதிக மதிப்பெண். செடிக்கான அளவு, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது. எந்த உயரத்தில் எவ்வளவு என்று வரைபடம் போட்டுத் தருகிற நிறுவனத்திடம் வாங்குங்கள்.

கருவி இல்லாதவர்கள் கைபேசியில் லக்ஸ் செயலியை வைத்துப் பார்க்கலாம். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் ஏறக்குறைய வந்துவிடும். 14,000 லக்ஸ் என்றால் 200. மணிபிளான்ட் போன்ற இலைச்செடி 100க்குள்ளேயே சந்தோஷமாக இருக்கும். கறிவேப்பிலை, மிளகாய்க்கு 200, 300 கொடுக்கலாம். 40 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 17 யூனிட், பயப்படும் தொகையில்லை.

பனிக்காட்டு மல்லிகை, ஸ்கார்பரோ

கோவைத் தம்பி சொன்னபடி கைபேசியை வைத்துப் பார்த்தேன். கறிவேப்பிலை நுனியில் 15,000 லக்ஸ். மல்லிகை பட்டையின் ஓரத்தில் இருந்திருக்கிறது, அங்கே 5,000கூட இல்லை. அப்படியானால் மல்லிகைக்கும் பெட்டி போட்டு மூட வேண்டுமா?

சாமந்திக்காரன், ஓசூர்

வேண்டாம் அக்கா. மல்லிகைக்கு வெயிலும் சூடும்தான் கணக்கு. அரும்பு புதுக்கிளையில்தான் வரும். எங்கள் பக்கம் நவம்பர் கடைசியில் கவாத்துச் செய்துவிடுவார்கள், வெயில் ஏறும்போது புதுக்கிளையில் பூ கொட்டும். உங்கள் ஊர்க் குளிரில் இப்போதே வெட்ட வேண்டாம். செடியைப் பட்டைக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். முடிந்தால் இன்னொரு பட்டையும் சேருங்கள், அதே வெள்ளையே போதும். பிப்ரவரி கடைசியில் கிளைகளைப் பாதிக்கு வெட்டி, உரம் வையுங்கள். சீக்கிரம் பூக்கட்டும் என்று இரவு முழுக்க எரியவிட வேண்டாம். பக்கத்தில் தக்காளிச் சாடி இருந்தால் இருட்டே இல்லாமல் அதன் இலை பழுத்துப்போகும். பனி விலகியதும் மல்லிகையை வெளியே வையுங்கள், ஆனால் முதல் வாரம் நிழலில்.