12 மி.மீ. பிளஞ்ச் ரௌட்டரை டேபிளில் மாட்ட எந்த பிளேட், எவ்வளவு நீள ஸ்குரூ?

மரத்தூள்:
1650 வாட் பிளஞ்ச் ரௌட்டர் (மோட்டாரை அழுத்தி இறக்கி மரத்தில் காடி, அதாவது பள்ளம், வெட்டும் மெஷின்), 12 மி.மீ. காலட் (பிட், அதாவது வெட்டும் அலகைப் பிடிக்கும் வாய்). ஸ்பீடு கண்ட்ரோல் கிடையாது, 22,000 ஆர்.பி.எம். என்று போட்டிருக்கு. 18 மி.மீ. பிளைவுட்டில் டேபிள் செய்து அடியில் தொங்கவிடணும். 6 மி.மீ. அக்ரிலிக் துண்டு கையில் இருக்கு, ரௌட்டரைத் தாங்கும் பிளேட்டுக்குப் போதுமா? ரௌட்டர் அடியில் இருக்கிற கருப்பு பிளாஸ்டிக்கின் ஸ்குரூ நீளம் பத்தவில்லை. பேனல் கதவுக்கு 80 மி.மீ. பிட் ஓட்டவும் எண்ணம்.

காடிவெட்டி:
அக்ரிலிக் வேண்டாம். ஆறு கிலோ பக்கம் எடை நாள் கணக்கில் தொங்கினால் நடுவில் குழியும். நீளப் பலகை அந்தக் குழிமேல் பாலம் மாதிரி நிற்கும், காடி ஆழம் குறையும். பலகையின் முனை வந்ததும் குழிக்குள் இறங்கி ஆழம் கூடும். ஒரே காடியில் ரெண்டு ஆழம்!

10 மி.மீ. ஹைலம் ஷீட் (பிசின் ஊறிய கெட்டித் தகடு) அல்லது 6 மி.மீ. அலுமினியம் வாங்குங்க. அலுமினியம் மரத்தில் கருப்பாகத் தீற்றும், மெழுகு தேய்த்தால் குறையும்.

துளைக்கு அந்தக் கருப்பு பிளாஸ்டிக்தான் அச்சு. மரத்தில் உரசுகிற முகம் மேலே பார்க்க, டபுள் சைடு டேப்பால் பிளேட்டின் மேல்முகத்தில் ஒட்டித் துளை போடுங்க. திருப்பி ஒட்டினால் கண்ணாடிப் பிம்பம்தான் வரும். துளைகள் சமச்சீராக இல்லாத மாடலில் பிளேட் வீண். ஒட்டும்போதே லாக் லீவர் (உயரத்தைப் பூட்டும் பிடி) உங்கள் பக்கம் வருமாறு பாருங்க.

ஸ்குரூ சி.எஸ்.கே. தலை (பிளேட்டுக்குள் மட்டமாக அமிழும் கூம்புத் தலை). பழைய ஸ்குரூ ரௌட்டருக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்து, அதோடு பிளேட் கனத்தைக் கூட்டுங்க. உள்ளே 8 மி.மீ. போனால், 6 மி.மீ. பிளேட்டுக்கு 14, கடையில் 12, 16தான் எளிதில் கிடைக்கும். 16 வாங்கி ரெண்டு மி.மீ. அரத்தில் ராவிடுங்க. நீளம் மிஞ்சினால் ஸ்குரூ முனை பேஸைத் தாண்டி நீட்டி, மோட்டாரை ஏற விடாமல் இடிக்கலாம். மரை எம்4-ஆ எம்5-ஆ என்று நட் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்க. அதிர்வில் கழன்று வரும், நீல நிற திரெட் லாக்கர் (மரைப் பசை) ஒரு சொட்டு விடுங்க.

மரத்தூள்:
ஹைலம் 10 மி.மீ. எடுக்கிறேன். அதை பிளைவுட்டில் இறக்குவது எப்படி?

காடிவெட்டி:
அப்படியானால் 18 மி.மீ. ஒற்றை பிளை போதாது. 11 மி.மீ. காடி எடுத்தால் தாங்க 7 மி.மீ.தான் மிச்சம். ரெண்டு ஷீட்டை ஒட்டி 36 ஆக்குங்க. மைக்கா ரெண்டு பக்கமும் ஒட்டணும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும்.

பிளேட்டைச் சுற்றி நாலு ரீப்பரை ஒட்டி வேலி கட்டி, மேலே பேரிங் உள்ள பிட்டால் காடி எடுங்க. பிட்டின் ஆரம் மூலையில் நிற்கும், அதற்கேற்ப பிளேட் மூலையை உருட்டுங்க. பிறகு உள்ளே 12 மி.மீ. படி விட்டு ஜிக்சாவால் அறுங்க. படியின் நாலு மூலையிலும் மர ஸ்குரூ ஒன்று. அதைத் திருகி ஏற்றி இறக்கி, இரும்பு ஸ்கேல் வைத்து மட்டம் பாருங்க. பிளேட் தாழ்ந்திருந்தால் பலகை வெளியேறுகிற விளிம்பில் இடறும்.

நூல்கணக்கு:
பிளஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே. தலைகீழாகத் தொங்கும்போது எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து மோட்டாரைக் கீழே தள்ளும், கையால் அரை நூல் (ஒன்றரை மி.மீ. பக்கம்) ஏற்றுவதே பாடு. மோட்டாரை முழுக்க விடுவித்து, ஸ்பிரிங்கைத் தளர்ந்த நிலையில் கழற்றுங்க. அழுத்தத்தில் கழற்றினால் முகத்தில் அடிக்கும். பிறகு அடியில் சின்ன கத்திரி ஜாக்கி வைத்து ஏற்றலாம். உயரம் வைத்ததும் லீவரை இறுக்க மறந்தால் அதிர்வில் இறங்கிவிடும்.

80 மி.மீ. பிட் 22,000-இல் கூடவே கூடாது. ஓரம் விநாடிக்கு 92 மீட்டர் வேகத்தில் சுற்றும். அந்த அளவு பிட்டுக்கு 10,000 பக்கம்தான். பிட் தண்டில் உச்ச வேகம் குறித்திருப்பார்கள், பாருங்க. கார்பன் பிரஷ் மோட்டார், உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் இல்லை என்றால் வெளி ஸ்பீடு கண்ட்ரோலர் வேலை செய்யும். இழுவை குறையும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கணும். என்னைக் கேட்டால் செங்குத்து பேனல் பிட், 40 மி.மீ. விட்டம் பக்கம், உயர ஃபென்ஸ் (பலகையைச் சாய்த்து ஓட்டும் தடுப்பு), அதுதான் உங்கள் மெஷினுக்கு.

கையில் ஓட்டும்போது இடமிருந்து வலம். டேபிளில் வலமிருந்து இடம். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் பலகையை விடவே வேண்டாம், பறந்துவிடும்.

மரைக்காரர்:
ரௌட்டர் சுவிட்சை ஆனில் பூட்டிவிட்டு பிளக் பாயின்ட்டில் இயக்குகிறவர்களுக்கு ஒன்று: கரண்ட் போய்த் திரும்பினால் பிட் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். நோ வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் போடுங்க, பச்சையை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். பிட் மாற்றும்போது அதையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்குங்க.