அரசு அலுவலகங்களில் கணக்குப் பணி தனித் தொழிலாக மதிக்கப்பட என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாடு அரசின் ஒரு மாவட்ட அலுவலகத்தில் கணக்குப் பிரிவு உதவியாளராகப் பணிபுரிகிறேன். வணிகவியல் பட்டதாரி. பணியில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்றரை ஆண்டுகள் பணியமைப்புப் பிரிவில் விடுப்புக் கணக்கும் ஊதிய உயர்வுக் கோப்புகளும் பார்த்தேன். பிறகு, கணக்குப் பார்த்தவர் மாறுதலில் சென்றுவிட்டார் என்ற ஒரே காரணத்தால் அவருடைய இருக்கைக்கு அனுப்பப்பட்டேன். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இருபத்தேழு பதிவேடுகளின் பெயர்கள் இருந்தன. அவற்றை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று சொல்லித்தர எவரும் இல்லை.

என்னை இங்கே எழுத வைத்த நிகழ்வைச் சொல்கிறேன். ஒரு மார்ச் மாதக் கடைசி வாரத்தில், விடுதிகளுக்குக் கட்டிலும் மேசையும் வாங்க ஒதுக்கப்பட்ட தொகை முழுவதையும் கருவூலத்திலிருந்து பெற்று வங்கிக் கணக்கில் வைக்குமாறு பட்டியல் (பில்) தயாரிக்கச் சொன்னார்கள். பொருள்கள் வந்து சேரவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. உடனடித் தேவை இல்லாமல், ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதற்காக மட்டும் பணம் பெற விதிகளில் இடமில்லை என்றும், தொகையை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கலாம் என்றும் குறிப்பு எழுதினேன். என் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். படித்துவிட்டு, "இதைப் பென்சிலில் எழுதிக் கொடும்மா, அதிகாரி பார்த்து முடிவு செய்யட்டும்" என்றார். பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். கோப்பு திரும்பி வந்தபோது குறிப்பு அழிக்கப்பட்டிருந்தது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் அழுத்தம் மட்டும் தெரிந்தது. பட்டியல் போனது, பணம் வந்தது, கட்டில்கள் ஆகஸ்டில் வந்தன.

யாரும் ஒரு ரூபாயைக்கூடக் கையாடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் இரண்டு ஆண்டு கழித்துத் தணிக்கைத் தடை (தணிக்கையாளரின் ஆட்சேபம்) வந்தபோது அந்த அதிகாரி வேறு மாவட்டத்தில் இருந்தார், கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றிருந்தார், விடை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கணக்குப் பணியிலேயே என் பணிக்காலத்தை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். செலவுக் கணக்கர் (காஸ்ட் அக்கவுண்டன்ட்) படிப்பில் சேரலாமா, அல்லது துறைத் தேர்வுகளே போதுமா? எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கணக்குப் பணித்தொகுதி ஒன்று இருந்தால் என்னைப் போன்றவர்களின் நிலை மாறுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: ஓய்வு பெற்ற கருவூல அலுவலர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. முப்பத்திரண்டு ஆண்டுகள் பட்டியல்களைத் தணிக்கை செய்து, பணம் வழங்க அனுமதித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் துறைத் தேர்வைப் பற்றி. சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதால் அது எளிது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நிதி விதித்தொகுப்பு, கருவூல விதித்தொகுப்பு, வரவுசெலவுத் திட்டக் கையேடு போன்றவற்றை மேசையில் வைத்துக்கொண்டு, கேட்கப்பட்ட சிக்கலுக்கு உரிய விதி எங்கே இருக்கிறது என்று குறித்த நேரத்துக்குள் கண்டுபிடிப்பதற்கு, அவற்றை முன்பே பலமுறை புரட்டியிருக்க வேண்டும். நம் பணிக்கு வேண்டிய திறமையும் அதுதான் என்பதால் அந்தத் தேர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

தேறியவரை அதன் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது. தேர்ச்சி பதவி உயர்வுக்கான தகுதியாகப் பணிப்பதிவேட்டில் ஏறுகிறது. கணக்கு இருக்கைக்கான தகுதியாக யாரும் அதைப் பார்ப்பதில்லை. தேறியவர் தபால் பிரிவில் இருப்பார், தேறாதவர் கோடிக்கணக்கான ரூபாய்க்குப் பட்டியல் தயாரிப்பார்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது. ஓட்டை அடைத்துப் பழுது பார்த்தால் அது வருவாய்ச் செலவு, 2059 பொதுப்பணிகள் என்ற கணக்குத் தலைப்பில் வர வேண்டும். புதிதாக ஒரு தளம் எழுப்பினால் மூலதனச் செலவு, 4059இல் வர வேண்டும். பழுதுபார்ப்பதற்கான தலைப்பில் பணம் தீர்ந்து, மூலதனத் தலைப்பில் மீதம் இருக்கும்போது, கூரைப் பழுதை 4059இல் போடச் சொல்லி வாய்மொழி உத்தரவு வரும். அப்படிப் போட்டால் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை அந்த அளவு குறைந்ததாகவும், இல்லாத ஒரு சொத்து உருவானதாகவும் கணக்கு காட்டும். இணையவழி மென்பொருள் அந்தத் தலைப்பில் பணம் இருக்கிறதா என்று பார்க்கும். கூரையை அது பார்க்காது. அதைக் கேட்க வேண்டியவர் இருக்கையில் இருக்கும் மனிதர்.

மாதந்தோறும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் எண்களோடு நம் செலவை ஒத்துப்பார்ப்பதும் இப்படித்தான். ஒரு துறையின் செலவு எட்டு மாதம் வேறொரு துறையின் தலைப்பில் ஏறிக்கொண்டிருந்ததை, பதவியேற்று மூன்றே வாரமான ஓர் உதவியாளர் கண்டுபிடித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர். ஒன்பது ஆண்டுகளில் வரும் அந்தக் கண்ணை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இருக்கை மாற்றினால் யாருக்கும் கொடுக்க முடியாது.

பதில் 2: பெரம்பூர் கணக்கன்

நான் ரயில்வே கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கேட்டவரின் பென்சில் குறிப்புக்கு எங்கள் துறையில் ஓரளவு விடை இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

ரயில்வேயில் கணக்குப் பிரிவில் சேர்பவர் கணக்குப் பிரிவிலேயே வளர்கிறார். இளநிலைக் கணக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் அப்பெண்டிக்ஸ் 2 என்ற துறைத் தேர்வில் தேற வேண்டும். பிரிவு அலுவலர் நிலைக்குப் போக அப்பெண்டிக்ஸ் 3 தேர்வு இருக்கிறது. நல்ல உழைப்பாளிகள்கூட முதல் முறையில் தவறுவது வழக்கம். நான் மூன்றாம் முறையில் தேறினேன். அந்த ஆண்டுகளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்த பணிமனைக் கணக்கு, பண்டகசாலைக் கணக்கு, போக்குவரத்துக் கணக்கு ஆகியவைதான் பிற்காலத்தில் பொறியாளர்களோடு சமமாக உட்கார்ந்து பேசும் துணிவை எனக்குக் கொடுத்தன.

தேர்வைவிட முக்கியமானது நிதி இசைவு என்ற ஏற்பாடு. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட செலவுக்கு நிர்வாக அலுவலர் முடிவெடுக்கும் முன் நிதிப் பிரிவின் கருத்தைக் கோப்பில் பெற வேண்டும். பொது மேலாளர் அந்தக் கருத்தை ஏற்காமல் போகலாம். ஆனால் ஏற்காத காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் மேலே செல்ல முடியும். எங்கள் கருத்தை எழுதும் அலுவலரின் ஆண்டு மதிப்பீட்டை பொதுவாக அவருடைய நிதித் துறை மேலதிகாரிதான் தொடங்கி எழுதுகிறார். யாருடைய பட்டியலை அவர் மறுக்கிறாரோ அந்தப் பொறியாளர் எழுதுவதில்லை. உங்கள் கண்காணிப்பாளர் பென்சிலைக் கேட்டதற்குக் காரணம் அவருடைய கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. குறிப்பைப் படிக்கும் அதிகாரியே அவருடைய மதிப்பீட்டையும் எழுதுபவராக இருந்திருப்பார்.

மத்திய அரசின் அமைச்சகங்களில் 1976இல் கணக்கைத் தணிக்கையிலிருந்து பிரித்து, கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் கீழ் இந்தியக் குடிமைக் கணக்குப் பணியை உருவாக்கினார்கள். மாநிலங்களில் கணக்குத் தொகுப்பு இன்றும் பெரும்பாலும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் கையில் இருப்பதால், துறை அலுவலகத்தில் இருக்கும் கணக்காளருக்கு முதுகெலும்பாக நிற்கும் ஓர் அமைப்பு இல்லாமல் போய்விட்டது என்பது என் கருத்து. தாமதம் ஆகிறது என்று பொறியாளர்கள் எங்களைக் குறை சொல்வார்கள். சில நேரம் அதில் உண்மையும் உண்டு. அற்ப வினாக்களை எழுப்பிக் கோப்பைத் திருப்பி அனுப்பும் கணக்காளர்களை நானும் கண்டித்திருக்கிறேன்.

பதில் 3: நகராட்சிக் கணக்கர்

செலவுக் கணக்கர் படிப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதை முடித்துவிட்டு உள்ளாட்சிப் பணியில் இருப்பவள். படியுங்கள் என்றே சொல்வேன், ஆனால் எதற்காக என்று தெரிந்து படியுங்கள்.

தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகள் 1999-2000இல் சில நகராட்சிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டில் மற்ற நகராட்சிகளிலும் நிகழ்வு அடிப்படைக் கணக்கு முறைக்கு, அதாவது பணம் கைமாறும்போது அல்லாமல் வரவும் செலவும் உருவாகும்போதே பதியும் முறைக்கு மாறின. தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு 2004இல்தான் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு முன்னால் சென்றோம் என்பது விளங்கும். ஆனால் முறை மாறிய அளவுக்கு மனிதர்கள் தயாராகவில்லை. ரொக்கப் பதிவேட்டில் ஊறியவர்களிடம் தேய்மானமும் வரவேண்டிய வரியில் வசூலாகாமல் போகக்கூடிய பகுதிக்கான ஒதுக்கமும் ஒரு வாரப் பயிற்சியில் ஒப்படைக்கப்பட்டன. நான் சேர்ந்தபோது ஓர் அலுவலகத்தின் இருப்புநிலைக் குறிப்பில் "சொத்துவரி நிலுவை" என்று பெரிய தொகை இருந்தது. அதில் எவ்வளவு உண்மையில் வசூலாகும் என்று கேட்டேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இடிக்கப்பட்ட வீடுகளின் வரியும் அதில் இருந்தது. வெளியிலிருந்து வந்த பட்டயக் கணக்கர் நிறுவனம் அந்த எண்ணைச் சுத்தமாகக் கூட்டிக் கொடுத்திருந்தது. வீடு இடிந்தது வருவாய் உதவியாளருக்குத் தெரியும், ஆனால் அவருக்கு இருப்புநிலைக் குறிப்பு தெரியாது. இரண்டையும் அறிந்த ஒருவர் அலுவலகத்துக்குள் இல்லை.

இங்கிலாந்தின் உள்ளாட்சிகளில் இதைச் சட்டத்தாலேயே அமைத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, ஒவ்வொரு மன்றமும் நிதி நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஓர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்கிறது. 1988ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, அவர் சட்டத்தில் குறிப்பிட்ட கணக்காளர் அமைப்பு ஒன்றின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது. அவற்றுள் ஒன்று 1885இல் தோன்றிய, பொதுத்துறை நிதிக்கென்றே உள்ள சிப்ஃபா. 114ஆம் பிரிவின்படி, செலவு கையில் உள்ள நிதி வளத்தை மிஞ்சும் என்று அந்த அலுவலர் கருதினால், அறிக்கை எழுதி எல்லா மன்ற உறுப்பினர்களுக்கும் வெளித் தணிக்கையாளருக்கும் அனுப்பியே ஆக வேண்டும். மன்றம் கூடி அதை ஆராயும்வரை புதிய செலவு ஒப்பந்தங்களுக்குத் தடை வந்துவிடும். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகர மன்றத்தில் இந்த அறிக்கை வந்தது. தகுதி பெற்ற கணக்காளர் இருந்தும் அந்த மன்றம் நெருக்கடிக்குள் விழுந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் சங்கடமான செய்தியை எழுதும் கடமை ஒருவருக்குச் சட்டப்படி இருந்தது.

நம் மாநிலத்தில் கருவூலக் கணக்குப் பணியின் கணக்கு அலுவலர் நேரடி நியமனத்துக்குத் தொழில்முறைத் தேர்வுத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. உள்ளேயிருந்து உயர்பவர்களும் அந்தத் தகுதியை அடைய அரசு கட்டணமும் படிப்பு விடுப்பும் தர வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. நான் படித்தது முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

பதில் 4: வன்னிக் கணக்காளர்

இலங்கையிலிருந்து எழுதுகின்றேன். எமது நாட்டில் இலங்கைக் கணக்காளர் சேவை என்ற நாடளாவிய சேவை உண்டு. போட்டிப் பரீட்சை மூலம் தெரிவாகி, வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சைகளில் (பணியில் மேலே செல்லத் தேற வேண்டிய துறைத் தேர்வுகள்) சித்தியடைந்து, பிரதேச செயலகத்திலிருந்து திணைக்களத்துக்கும் அமைச்சுக்கும் கணக்காளராகவே இடமாற்றம் பெறுகின்றோம். ஆகவே பொதுவான சேவை ஒன்று அமைந்தால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விக்கு அனுபவத்திலிருந்து சொல்லலாம்: பாதுகாப்பு கூடும், தனிமை குறையும். அலுவலகத் தலைவருடன் கருத்து வேறுபட்டால் மாவட்டத்திலுள்ள மூத்த கணக்காளரைத் தொலைபேசியில் கேட்கலாம். அவருக்கும் அதே நிதிப் பிரமாணம்தான் (அரச நிதி விதிகள்) தெரியும்.

ஆனால் வெற்றிடங்கள் நிரப்பப்படாவிட்டால் எந்தச் சேவையும் பெயரளவில்தான் இருக்கும். நான் இரண்டு ஆண்டுகள் என் அலுவலகத்துடன் இன்னோர் அலுவலகத்துக்கும் பதில் கடமை (கூடுதல் பொறுப்பு) பார்த்தேன். வாரத்தில் இரு நாட்கள் மட்டும் செல்லும் அலுவலகத்தில் கையொப்பம் இடலாம். களஞ்சியத்தைத் திறந்து எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்காது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், நட்டத்துக்குக் காரணமானவரிடமிருந்து மிகைக்கட்டணம் (நட்டத்தை ஈடுசெய்யும் தொகை) அறவிட இடமளித்த பின், இந்தக் கையொப்பத்தின் பாரம் மேலும் கூடியுள்ளது.

கேட்டவர்: வைகைக்கரை

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. செலவுக் கணக்கர் இடைநிலைக்குப் பதிவு செய்ய முடிவெடுத்துவிட்டேன். மதிப்பீடு எழுதுபவர் யார் என்ற பெரம்பூர் ஐயாவின் கருத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எல்லாப் பழியையும் என் துணிவின்மை மேல் போட்டுக்கொண்டிருந்தேன். பொதுவான பணித்தொகுதி வரும்வரை, அடுத்த மார்ச்சில் என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை.

ஓய்வு பெற்ற கருவூல அலுவலர்

உங்கள் அலுவலகத்தில் மின் அலுவலக முறை வந்துவிட்டதா? வந்திருந்தால் கவனித்திருப்பீர்கள், அதில் மஞ்சள் குறிப்பு, பச்சைக் குறிப்பு என்று இரண்டு இருக்கின்றன. மஞ்சள் என்பது வரைவு, திருத்தலாம், நீக்கலாம். உறுதி செய்து பச்சையாக்கிய குறிப்பை யாராலும் அழிக்க முடியாது. பென்சிலில் கேட்ட பழக்கம் இப்போது "மஞ்சளில் அனுப்பு" என்று மாறியிருக்கிறது என்று இன்னும் பணியில் இருக்கும் என் மாணவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் விதி எண்ணைக் குறிப்பிட்டு, பணிவான சொற்களில், ஐந்து வரிக்கு மிகாமல் எழுதி, "உத்தரவுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது" என்று முடித்துப் பச்சையில் அனுப்புங்கள். மறுக்கும் உரிமை அதிகாரிக்கு இருக்கிறது; அவரும் பச்சையில் மறுக்கட்டும். பிப்ரவரி முதல் வாரத்திலேயே எந்தத் தலைப்பில் எவ்வளவு மீதம், எந்தப் பொருள் எப்போது வரும் என்று ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டால், பெரும்பாலும் அந்த மறுப்புக்கே தேவை வராது. அந்தத் தாளின் மாதிரி என்னிடம் இருக்கிறது, நாளை இங்கேயே தட்டச்சு செய்து இடுகிறேன்.