ஆஷ்வெல் கோபுரச் சுவரில் ஒரு டார்ச் வெளிச்சம்

போன மாதம் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் இருக்கும் ஆஷ்வெல் கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே செயின்ட் மேரி சர்ச். ஊர் சின்னது, கோபுரமோ 176 அடி. வயல்வெளியில் வரும்போதே கண்ணில் பட்டுவிடும். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நான் போனது கோபுரத்தின் உட்சுவரில் இருக்கும் கீறல்களுக்காக.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெளிறிய சுவர். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "டார்ச்சை நேராக அடிக்காதீங்க, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிங்க" என்றார். பிடித்தேன். லத்தீன் எழுத்துகள் வரிவரியாக மேலெழுந்து வந்தன. உடம்பு சிலிர்த்துவிட்டது.

1350 என்று ரோமன் எண்ணில் இருக்கிறது. பரிதாபமான, கொடிய, மூர்க்கமான ஆண்டு. நடந்ததற்குச் சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பவர்கள் மக்களில் கடைப்பட்டவர்களே என்பது பொருள். 1348இல் இங்கிலாந்துக்குள் வந்த கொள்ளைநோய் பற்றிய வரிகள் அவை. உயிர் பிழைத்தவர் ஒருவர் தன்னையும் சேர்த்தே 'கடைப்பட்டவர்கள்' என்கிறார். அந்தச் சொல்லைத் தாண்டி வெகுநேரம் என்னால் நகர முடியவில்லை.

அடுத்த வரி 1361: செயின்ட் மோர் திருநாளில் பெருங்காற்று உலகை அதிர வைத்ததாம். அது ஜனவரி 15. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல் என்பதால், நம் கணக்கில் அது 1362.

அந்த வட்டாரத்துச் சுண்ணக்கல் மிகவும் மிருதுவானது. கத்திமுனை போதும், எழுதிவிடலாம். அதே காரணத்தால் வெளிச்சுவர் மழையில் கரைகிறது. உள்ளே கீறியது 670 ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே நிற்கிறது. பெரிய தேவாலயம் ஒன்றின் படமும் உண்டு. 1666 தீயில் அழிந்த லண்டனின் பழைய செயின்ட் பால்ஸ் அது என்கிறார்கள். ஒரு தூணில், மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, காறித் துப்புகிறேன் என்று எவரோ கோபத்தோடு கீறியிருக்கிறார். கொத்தனாராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

*

அக்கா, இதைப் படித்ததும் சஃபோக்கில் நான் பார்த்த பிளைத்பர்க் சர்ச் ஞாபகம் வந்தது. 1577 ஆகஸ்ட் 4, வழிபாடு நடக்கும்போதே இடி விழுந்து கூர்கோபுரம் சரிந்தது. ஓர் ஆளும் ஒரு சிறுவனும் இறந்துபோனார்கள். வடக்கு வாசல் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன. கறுப்பு நாய்ப் பேயின் நகம் பட்ட இடம் என்பது ஊர்க்கதை. கூரையில் சிறகு விரித்த மரத் தேவதைகள். அவற்றில் ஈயக் குண்டுகள் இருந்தன. 1644இல் சிலைகளை உடைக்க வந்தவர்கள் சுட்டது என்றே நெடுநாள் நம்பினார்கள். உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டில் உள்ளே அடைந்த காக்கைகளைச் சுட்ட குண்டுகளாம்.

*

தம்பி, நான் பிளைத்பர்க் போனதில்லை. அங்கே தூண்களில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை சேர்ந்தே போவோம்.