டாப் லோட் மெஷின், போர் தண்ணீர்: கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு, வேட்டியில் மஞ்சள். என்ன செய்யலாம்?

பெரும்பாக்கம்_4வது_மாடி:
வணக்கம். 7 கிலோ டாப் லோட் மெஷின். நடுவில் தூண் கிடையாது, அடியில் தட்டு மட்டும் சுழலும். தண்ணீரைக் குறைவாக எடுக்கும் வகை. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்துதான் மேலே ஏறுகிறது, டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது. எங்கள் வீட்டுக்கு மேல் மொட்டை மாடிதான், டேங்க் அங்கே இருக்கிறது.

கறுப்பு பேன்ட், நேவி ப்ளூ சுடிதார் எல்லாம் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. வெள்ளை வேட்டி மஞ்சளாகிக்கொண்டே போகிறது. ப்ளீச் போட்டும் பார்த்தாச்சு, இன்னும் மஞ்சள்தான் ஏறுகிறது. சோப்புத் தூளைக் கூட்டினால் திட்டும் கூடுகிறது. மெஷினைக் குறை சொல்வதா, தண்ணீரைக் குறை சொல்வதா?

மடிப்பாக்கம்_அக்கா:
தண்ணீர் பற்றாமல்தான் தூள் துணியிலேயே தங்குகிறது. துணியைப் போட்டதும் ரெண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். இங்கே பல வீட்டில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பல்சேட்டர்:
அக்கா, தண்ணீர் பற்றவில்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் ஸ்டார்ட் அழுத்தும் முன் ஊற்ற வேண்டாம். இந்த மாடல்கள் தண்ணீர் எடுப்பதற்கு முன்பே உலர்ந்த துணியோடு அடித்தட்டை ரெண்டு மூன்று தடவை அசைத்துப் பார்க்கும். மோட்டார் எவ்வளவு திணறுகிறது என்பதை வைத்துத்தான் பாரத்தைக் கணக்கிடும். துணி தண்ணீரில் மிதந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். அதைவிட, பேனலில் வாட்டர் லெவல் பட்டன் இருக்கும். மெஷின் தானாக எடுத்த அளவுக்கு மேல் ஒரு படி கூட்டி வையுங்கள், போதும். ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றினாலும் நல்லதல்ல. துணியோடு துணி உரசித்தான் இந்த வகையில் அழுக்கு போகிறது. தண்ணீர் மிஞ்சினால் துணி சும்மா நீந்திக்கொண்டிருக்கும்.

அடுத்தது துணியின் அளவு. 7 கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை, அதுவும் உச்ச வரம்பு. தினசரித் துணிக்கு 4 முதல் 5 கிலோவோடு நிறுத்துங்கள். ஜீன்ஸ் ஒன்று 600 முதல் 800 கிராம், டர்க்கித் துண்டு 400க்கு மேல், சட்டை 200 முதல் 250 என்று மனக்கணக்குப் போட்டால் போதும். நடுவில் குவிக்காமல் டப்பின் சுவரை ஒட்டி வட்டமாகத் தளர்வாகப் போடுங்கள், அமுக்க வேண்டாம். ஓடும்போது மூடியின் கண்ணாடி வழியே பாருங்கள்: அடியில் உள்ள துணி மேலே வந்து, மேலே உள்ளது உள்ளே போக வேண்டும். ஒரே துணி மேலேயே உட்கார்ந்திருந்தால் பாரம் அதிகம்.

சேலை, வேட்டி இரண்டையும் நாலாக மடித்து வலைப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் கயிறாக முறுக்கி மற்ற துணியையும் கட்டிவிடும். டர்க்கித் துண்டைக் கறுப்புத் துணியோடு சேர்க்கவே கூடாது. மழைக்கோட்டு, ரெக்சின் விரிப்பு மாதிரி தண்ணீர் புகாத எதையும் மெஷினில் பிழியாதீர்கள். தண்ணீர் உள்ளே ஒரு பக்கமாகத் தேங்கி, வேகமெடுக்கும்போது டப் பயங்கரமாக ஆடும். மெஷினே உடைந்துபோகலாம்.

திட்டு என்பது தூளா, பஞ்சா, உப்பா என்று முதலில் தெரிய வேண்டும். காய்ந்த துணியில் திட்டை ஈரவிரலால் தேயுங்கள். வழுக்கினால் சோப்பு. உருண்டு வந்தால் பஞ்சு. டப்பில் பஞ்சைப் பிடிக்கும் லின்ட் பையை, துணி துவைக்கும் ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவணும். சுண்ணாம்பு மாதிரி நறநறத்தால் உப்பு. இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: துவைத்து முடித்த துணியை, தூள் எதுவும் போடாமல் அலசலில் மட்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். தண்ணீரில் நுரை எழும்பினால் பழைய சோப்பு துணியிலேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கடினநீர்:
டிடிஎஸ் 900 என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. அந்த மீட்டர் கரைந்த உப்பு அத்தனையையும் சேர்த்துச் சொல்கிறது. துணிக்கு எதிரி கால்சியமும் மெக்னீசியமும்தான், அதாவது கடினத்தன்மை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. மீன் தொட்டிக் கடையில் சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால், ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர் பாதியளவு ஊற்றுங்கள். இரண்டிலும் குளியல் சோப்புச் சீவல் ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் தயிர் மாதிரித் திரிந்தால் கடின நீர்.

இந்தத் தண்ணீருக்குப் பலர் சலவைச் சோடா போடுகிறார்கள். கை அலசலில் அது பரவாயில்லை. சோடா கால்சியத்தைப் பிடித்து வெள்ளைப் பொடியாக்கி இறக்கும். பக்கெட் பக்கெட்டாக அலசினால் பொடி போய்விடும். கொஞ்சத் தண்ணீரில் ஓடும் மெஷினில் அந்தப் பொடி துணி இழையிலேயே உட்காரும். அதனால் டாப் லோடுக்கென்று விற்கும் லிக்விட்தான் உங்களுக்கு ஏற்றது. தூள்தான் என்றால் ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டு ஊற்றுங்கள்.

வேட்டி மஞ்சளாவதற்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீரில் உள்ள இரும்பு. குளோரின் ப்ளீச் அந்த இரும்பைத் துருவாக மாற்றித் துணியில் படியவைக்கும், அதனால்தான் போடப் போட மஞ்சள் ஏறுகிறது. ப்ளீச்சை நிறுத்துங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் 2 மேசைக்கரண்டி கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை மட்டும் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகு மெஷினில் போடுங்கள். ஜரிகைக் கரை வேண்டாம். ப்ளீச்சும் சிட்ரிக் ஆசிட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

பெரும்பாக்கம்_4வது_மாடி:
இருவருக்கும் நன்றி. அலசல் சோதனையில் நுரை நிறைய வந்தது. திட்டும் வழுக்குகிறது. தண்ணீர் நிரம்ப 20 நிமிஷம் ஆகிறது, சில சமயம் எரர் காட்டி நிற்கிறது. மெஷின் பால்கனியில், வெளியேற்றும் ஹோஸ் பாத்ரூம் வாசல் திட்டின் மேல் ஏறி உள்ளே போகிறது. இதற்கும் துணியில் வரும் வெள்ளைத் திட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பல்சேட்டர்:
நிச்சயம் உண்டு சார். பம்ப் இல்லாத மாடலில் அடியில் வால்வு திறக்கும், தண்ணீர் தன் பாரத்தால் இறங்க வேண்டும். ஹோஸ் வாசல் திட்டின் மேல் ஏறினால் டப்பின் அடியில் சோப்புத் தண்ணீர் மிச்சமாக நிற்கும், அடுத்த அலசல் அதிலேயே நடக்கும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நுரை தீராது. மெஷினை உயர ஸ்டாண்டில் ஏற்றுங்கள், அல்லது ஹோஸைத் தரையோடு பால்கனியின் தண்ணீர் வழிக்கே விட்டுவிடுங்கள்.

தண்ணீர் மெதுவாக வருவதற்கு இரண்டு இடம் பார்க்கணும். முதலில் குழாயை மூடி, தண்ணீர் உள்ளே வரும் இன்லெட் ஹோஸைக் கழற்றி, மெஷின் பக்கம் உள்ள சின்ன வலையைக் குறட்டால் இழுத்தெடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். போர் மணலும் துருவும் அங்கேதான் அடைக்கும். மாதம் ஒரு தடவை செய்தால் போதும். அதற்கும் சரியாகாவிட்டால் உயரம்தான் காரணம். பல மாடல்களின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 பார் என்றிருக்கும். அதற்கு டேங்க் தண்ணீர் மெஷினின் வால்வுக்கு மேல் சுமார் 3 மீட்டராவது நிற்கணும். மேல் மாடி வீட்டுக்கு அது இழுபறிதான், டேங்க் பாதி காலியானால் இன்னும் குறையும். சின்ன பிரஷர் பம்ப் ஒன்று போட வேண்டியிருக்கும்.

இத்தனை நாள் சேர்ந்ததைக் கழுவ, காலி டப்பில் உச்ச அளவு தண்ணீர் விட்டு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 10 நிமிஷம் சுழற்றி, ஒரு மணி நேரம் நிறுத்தி, வடித்து, இரண்டு தடவை வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள். அதன் பிறகு பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி லிக்விட்டோடு ஆரம்பித்து, அலசல் ஒன்று கூட்டி, ரெண்டு வாரம் பாருங்கள். காலரும் தலையணை உறையும் எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் இருந்தால் மட்டும் லிக்விட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.