காலிகிராஃபி பழகத் தொடங்குகிறேன்: நிப் தாளைக் கீறுகிறது, மை பரவுகிறது

பெரம்பூர் வாசகி:
வணக்கம். 42 வயதில், வங்கிப் பணி முடிந்து வீடு திரும்பிய பின் கிடைக்கும் அரை மணி நேரத்தில் காலிகிராஃபி (அழகெழுத்துக் கலை) பழகலாம் என்று எண்ணி, பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் ஹோல்டர், பன்னிரண்டு நிப்புகள், ஒரு புட்டி மை எல்லாம் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். கூர்முனை நிப்பை மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழிகிறது. ஜெராக்ஸ் தாளில் மை வேர்விட்டாற்போல் பரவுகிறது. அக்காள் மகளின் திருமணம் தை மாதம். அழைப்பிதழ் உறைகளில் பெயர்களைத் தமிழில் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?

மைக்கூடு:
அம்மா, அந்தப் பெட்டியைச் சில மாதங்கள் பரணில் வையுங்கள். கூர்முனை நிப், கை அழுத்தத்தால் கோட்டைத் தடிக்கச் செய்வது. பழகாத கை மேல்நோக்கிய கோட்டிலும் அழுத்துவதால்தான் தாள் கிழிகிறது. முனை தட்டையாக அகன்றிருக்கும் பட்டைமுனை நிப்பில் அழுத்தமே வேண்டாம். முனையின் விளிம்பு எழுதும் வரியோடு அமையும் கோணமே தடிமனைத் தீர்மானிக்கும். காசு செலவழிக்குமுன் இரண்டு பென்சில்களை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி எழுதிப் பாருங்கள்; இரு முனைகளும் பட்டை நிப்பின் இரு ஓரங்களாக நின்று, கோடு எங்கே அகல்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்று கண்ணுக்குக் காட்டிவிடும். கூட்டல் குறி ஒன்று போடுங்கள்: இரு கோடுகளும் ஒரே அகலத்தில் வந்தால் உங்கள் கோணம் 45 பாகை. பிறகு பட்டைமுனை கொண்ட பைலட் பேரலல் பேனா வாங்கலாம், 1.5, 2.4, 3.0, 3.8, 4.5, 6.0 மில்லிமீட்டர் என ஆறு அளவுகளில் கிடைக்கிறது. பழக 3.8 போதும். ஆங்கில இட்டாலிக்கில் (சற்றே சாய்ந்த எழுத்துவகை) சிற்றெழுத்தின் உடல் உயரம் நிப் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 19 மில்லிமீட்டர்.

ஓலைச்சுவடி:
தமிழுக்கு 45 பாகை கைகொடுக்காது என்பது என் கருத்து. ‘ப’, ‘ட’, ‘ம’ போன்றவை நேர்கோடும் கிடைக்கோடுமாக நிற்பவை. அந்தக் கோணத்தில் இரண்டும் ஒரே தடிமனில் வந்து, எழுத்து இரும்புச் சட்டம்போல் தட்டையாகிவிடும். 30 பாகையில் பிடித்தால் ‘ப’வின் கால்கள் தடித்து, அடிக்கோடு மெலியும். பிரிட்டிஷ் எழுத்துக்கலைஞர் எட்வர்டு ஜான்ஸ்டன் 1906இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த ஆங்கிலப் பயிற்சி முறையும் ஏறத்தாழ இதே கோணத்தையே கொள்கிறது. நம் எழுத்து எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்தது. தடிப்பும் மெலிவும் அதில் இயல்பாக இல்லாததால், நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிறுவயதில் திருவல்லிக்கேணியில் பெயர்ப்பலகை எழுதுபவர், சுண்ணப்பொடி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டுவிட்டு, பட்டைத் தூரிகையின் சாய்வை மாற்றாமல் ஒரு வரி முழுவதையும் எழுதி முடிப்பதை மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்து அவரையும் கொண்டுபோய்விட்டது. ‘ண’, ‘ழ’ போன்றவற்றின் சுழிகள் அடைபடாமலிருக்க, ஐந்து மடங்குக்குப் பதிலாக ஏழு மடங்கு உயரம் வையுங்கள், உறைக்கு 1.5 பேனாவில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வரும்.

ஈரத்தாள்:
மை பரவுவதற்குத் தாளே முதற்காரணம். ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), வழவழப்பான 100 ஜி.எஸ்.எம் தாளை ஆண்டர்சன் தெருவில் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும்; பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். இந்தியன் இங்க்கைப் பேரலல் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் பேனா போனதுதான். உறைகளை மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒன்றை வாங்கி, அதே மையில் எழுதி, பத்து நிமிடம் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கரைந்தால் மையை மாற்றுங்கள்.

பெரம்பூர் வாசகி:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பென்சில்களைக் கட்டி எழுதினேன். 30 பாகையில் ‘ப’ நன்றாகவே வந்தது. ‘ண’வின் மூன்றாம் சுழிக்குள் மணிக்கட்டு தானாகத் திரும்பிக் கோணம் மாறிவிடுகிறது. மாப்பிள்ளையின் பெயர் கண்ணன்.