நடப்பு நிகழ்வு: நோட்டு நிறையுது, மார்க் ஏறல. குறிப்பு எப்படி எடுக்கணும்?

வில்லுக்குறி_வாசகி எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பிரிலிம்ஸுக்கும் குரூப் 1க்கும் சேர்த்துப் படிக்கிறேன். தினமும் 2 மணி நேரம் பேப்பர், ஒரு மாத இதழ், ராத்திரி யூடியூபில் ஒரு தொகுப்பு. தேதி போட்டு எழுதின நோட்டு மூணு நிறைஞ்சாச்சு. ஆனா மாதிரித் தேர்வில் நடப்பு நிகழ்வு 12 கேள்வி வந்தா 5 தான் தேறுது. எத்தனை மாசச் செய்தியைப் பார்க்கணும்? நம்ம குமரி மாவட்டச் செய்தியைத் தனியாப் படிக்கணுமா? எண்கள் எல்லாம் குழம்புது, அதுக்கு என்ன வழி?

பழையாற்றங்கரை எழுதியது:

தங்கச்சி, படிக்கிற நேரம் போதும். தேதி போட்டு எழுதுறதுதான் கோளாறு. "இன்ன தேதியில் என்ன நடந்தது" என்ற மட்டில் வரும் கேள்வி குறைவு. ஒரு செய்தி எந்தப் பாடத்தோடு ஒட்டுதோ, அந்தப் பாடத்தின் பக்கத்தில் அதை எழுதணும். புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், அறிவியல், தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும், தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகம் என்று ஆறு பிரிவு போதும். ஒரு தலைப்புக்கு ஒரு ஏ4 தாள். தாளின் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்க, பின்னால் வரும் புதுச் செய்திக்கு அது வேணும். தைத்த நோட்டு ஆகாது, ஃபைலில் கோத்த தாள்தான் இடையில் செருக வசதி.

நம்ம ஊர்ச் செய்தியிலேயே பாருங்க. 2022 ஆகஸ்டில் சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. உங்க நோட்டில் இது ஒரு வரியா இருக்கும். பாடத்தோடு சேர்த்து எழுதினா தாள் இப்படி வளரும்: ஈரானில் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று ஒப்பந்தம், அதனால்தான் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். நடைமுறைக்கு வந்தது 1975, இந்தியா சேர்ந்தது 1982. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தளம் கோடியக்கரை, 2002. அதன்பின் இருபது ஆண்டு ஒன்றும் இல்லை, 2022இல் வரிசையாக வந்தன. 2025 பிப்ரவரியில் ராமநாதபுரத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து எண்ணிக்கை 20 ஆனது. பாதிப்புக்கு உள்ளான தளங்களைக் குறிக்கும் மாண்ட்ரூ பதிவேட்டில் இந்தியாவிலிருந்து கேவலாதேவும் லோக்டாக்கும் இருக்கின்றன. சிலிகா 2002இல் அதிலிருந்து நீக்கப்பட்டது.

இதில் பொருத்துக வகைக் கேள்வி எளிதாக அமையும்: வடுவூர் திருவாரூர், கரைவெட்டி அரியலூர், நஞ்சராயன் திருப்பூர், கழுவேலி விழுப்புரம், லாங்வுட் சோலை நீலகிரி. கடைசியாகச் சொன்னது ஏரி இல்லை, சோலைக்காடு. அதை ஏரிகளோடு கலந்து வைத்துத்தான் தடுமாற வைப்பார்கள்.

காட்டுச் செய்தியில் இதைவிடப் பெரிய குழப்பம் உண்டு. தமிழில் எல்லாவற்றுக்கும் "காப்பகம்" என்றே எழுதுகிறோம். குமரி மாவட்டக் காட்டில் வனவிலங்குச் சரணாலயம் இருக்கு. அதே காடு அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் வருது. 2022இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகத்திலும் வருது. சரணாலயமும் புலிகள் காப்பகமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அமைபவை. புலிகள் காப்பகத்துக்குப் பிரிவு 38வி. யானைகள் காப்பகத்துக்கு அந்தச் சட்டத்தில் தனி இடம் கிடையாது, அரசு அறிவிப்பு மட்டும்தான். உயிர்க்கோளக் காப்பகம் யுனெஸ்கோவின் "மனிதனும் உயிர்க்கோளமும்" திட்டத்தை ஒட்டியது, அதற்கும் தனிச் சட்டம் இல்லை. அகத்தியமலை யுனெஸ்கோ வலையமைப்பில் சேர்ந்தது 2016. தமிழ்நாடு தொடும் மற்ற இரண்டும் அதற்கு முன்பே: நீலகிரி 2000, மன்னார் வளைகுடா 2001. இந்த ஒரு பத்தியை ஒரு தாளில் அட்டவணையாகப் போட்டா "பின்வரும் கூற்றுகளில் எது சரி" வகைக் கேள்வி நாலுக்குத் தயார்.

புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குத் தரும் அடையாளம், சின்ன விஷயம், ஒரு தாளில் முடியும். ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, குமரி கிராம்பு (2021), மட்டி வாழை (2023), தோவாளை மாணிக்க மாலை (2025). சட்டம் 1999, அமலானது 2003 செப்டம்பர். பதிவகம் சென்னையில். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கணும். வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வரும். முதலில் பெற்றது டார்ஜிலிங் தேயிலை. மட்டி வாழையோடு ஜடேரி நாமக்கட்டிக்கும் வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கும் சேர்ந்தே கிடைத்தது, மூன்றையும் ஒன்றாகவே எழுதி வையுங்க.

தாமிரபரணி_குழித்துறை எழுதியது:

எண்களைப் பற்றி நான் சொல்லுதேன். மாறாத எண்ணைப் பேனாவில் எழுதுங்க, மாறும் எண்ணைப் பென்சிலில் எழுதிப் பக்கத்தில் மாதத்தையும் குறிங்க. 1971, 1982 எல்லாம் பேனா. "ராம்சார் தளம் 20" என்பது பென்சில், "2025 பிப்ரவரி நிலவரம்" என்று பக்கத்தில்.

ஏன் இவ்வளவு சொல்லுதேன் என்றால், 2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதார வளர்ச்சி முதலில் 9.69 சதவீதம் என்று வந்தது. அதே ஆண்டுக்கான எண் பின்னர் 11.19 என்று திருத்தப்பட்டது. முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் பழைய மாத இதழை எத்தனை தரம் புரட்டினாலும் தப்பான விடையைத்தான் உறுதிப்படுத்திக்கொள்வார். முன்மதிப்பீடு, தற்காலிக மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு எது என்று எண்ணோடு சேர்த்து எழுதாத குறிப்பு ஆபத்து. மத்திய அரசின் ஆய்வறிக்கை போல, மாநிலத் திட்டக் குழு தமிழ்நாட்டுக்கென்று தனிப் பொருளாதார ஆய்வறிக்கையை 2025 மார்ச்சில் முதன்முறையாக வெளியிட்டது. பொருளாதாரத் தாளுக்கு அதையும் துறைவாரிக் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் நேராகப் படிங்க. யூடியூப் தொகுப்பு இதுக்கெல்லாம் ஈடாகாது. அந்த நேரத்தை மீள்பார்வைக்கு மாற்றலாம்.

எத்தனை மாதம்? பிரிலிம்ஸ் தேதியிலிருந்து பின்னோக்கி 12 மாதம் ஊன்றிப் படிங்க, அதற்கு முந்தைய 6 மாதம் தலைப்பளவு பாருங்க. நலத்திட்டங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. திட்டம் தொடங்கி மூணு வருஷம் ஆனாலும் கேட்பார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 மதுரையில், புதுமைப்பெண் 2022 செப்டம்பர் 5, மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 காஞ்சிபுரத்தில், தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 கோயம்புத்தூரில். இதில் மூணு திட்டம் செப்டம்பரில் வருது. 15 அண்ணா பிறந்தநாள், 5 ஆசிரியர் தினம் என்று காரணத்தோடு பிடித்தால் மாறாது.

பழையாற்றங்கரைக்கு ஒரு சேர்ப்பு. சுசீந்திரம் தேரூர் மத்திய ஆசியப் பறவைகள் வலசைப் பாதையில் வருது என்பதையும் அந்தத் தாளில் எழுதணும். சர்வதேச அமைப்புக் கேள்வி அந்த வழியாவும் வரும்.

வில்லுக்குறி_வாசகி எழுதியது:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். நாகர்கோவில் பதிப்பில் பாதிப் பக்கம் மாவட்டச் செய்திதான். அதில் எது தேர்வுக்கு வரும், எதை விடலாம் என்று எப்படிப் பிரிக்கிறது? கேரளச் செய்தியும் நடுவில் நிறைய வருது.

முட்டம்_கலங்கரை எழுதியது:

ஒரு செய்தியைப் படித்ததும் மூணு கேள்வி கேளுங்க தங்கச்சி. இதில் ஒரு சட்டமோ ஒப்பந்தமோ இருக்கா? ஒரு அமைப்பு, அமைச்சகம் இருக்கா? அறிவியல் காரணமோ புவியியல் காரணமோ இருக்கா? மூணுக்கும் இல்லை என்றால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். விபத்து, கட்சிச் சண்டை, திருவிழா எல்லாம் அப்படியே கழிந்துவிடும். 45 நிமிஷத்தில் பேப்பர் முடியும்.

"கள்ளக்கடல்" எச்சரிக்கை நம்ம கடற்கரைக்கு அடிக்கடி வரும். மூணு கேள்வியில் இரண்டுக்கு விடை அதில் உண்டு. எச்சரிப்பது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் சேவை மையம், புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ். காரணம், தெற்கு இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் வீசும் புயல் கிளப்பிய நெடிய அலைகள். இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறும், அதனால்தான் அந்தப் பெயர். சுனாமிக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம் போன்றவை. புயல் அலை ஏற்றத்துக்குக் காரணம் அருகிலுள்ள புயலின் காற்றும் காற்றழுத்தத் தாழ்வும். மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்க. 2004 டிசம்பர் 26, 2017 ஒக்கி இரண்டும் அந்தத் தாளில்தான் உட்காரணும்.

மணவாளக்குறிச்சி மணல் செய்திக்கு மூணுக்கும் விடை உண்டு. அதை மேலோட்டமாக விடவே கூடாது, பிரிலிம்ஸுக்கும் மெயின்ஸுக்கும் ஒருசேர உதவும். ஐஆர்இஎல் அணுசக்தித் துறையின் கீழ் வரும் பொதுத்துறை நிறுவனம், 1950இல் தொடங்கியது. அது எடுக்கும் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியமும் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் இருக்கு. தோரியம் ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கானது. நியோடிமியம் காற்றாலைக்கும் மின்வாகனத்துக்கும் வேண்டிய நிரந்தரக் காந்தத்துக்கானது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், அதே ஆண்டு ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் இந்தத் தாளில்தான் வரணும். கிள்ளியூர் வட்டாரத்தில் சுரங்க விரிவாக்கத்துக்கு ஏன் எதிர்ப்பு என்பதையும் நாலு வரியில் எழுதுங்க: கடலரிப்பு, இயற்கைக் கதிர்வீச்சு பற்றிய அச்சம், மீனவர் வாழிடம், மக்கள் கருத்துக் கேட்பு. மெயின்ஸில் இரு பக்கத்தையும் எழுதாத விடைக்குப் பாதி மார்க்தான் தேறும். நம்ம ஊர் விஷயம் என்பதால் ஒரு பக்கம் சாய்ந்து எழுதத் தோன்றும், அங்கே கவனம் வேணும்.

2024இல் விளவங்கோடு இடைத்தேர்தல் நடந்தது. யார் எத்தனை ஓட்டு வாங்கினார் என்பது நமக்கு வேண்டாம். காலியிடத்தை 6 மாதத்துக்குள் நிரப்பணும் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 151ஏ. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அது பொருந்தாது. உறுப்பினர் ராஜினாமா அரசியலமைப்பின் பிரிவு 190. கட்சித் தாவல் அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணை, 1985, 52ஆவது திருத்தம்.

கேரளச் செய்தியில் எல்லையைக் கவனிங்க. விழிஞ்ஞம் துறைமுகம், 2025 மே 2இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, திருவனந்தபுரம் மாவட்டம். குளச்சல் நம்ம மாவட்டம், 1741 போர் அங்கே. குலசேகரன்பட்டினம் ஏவுதளம் தூத்துக்குடி, மகேந்திரகிரி உந்துவிசை வளாகம் திருநெல்வேலி. இந்த நாலையும் வரைபடத்தில் கையால் குறித்துவிடுங்க. நவம்பர் 1, 1956 குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். தமிழ்நாடு நாள் என்று அரசு இப்போது கொண்டாடுவது ஜூலை 18, பெயர் மாற்றத் தீர்மானம் 1967இல் நிறைவேறிய நாள். இந்த இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் நம்ம மாவட்டத்திலேயே அதிகம், நவம்பர் 1 நமக்கு அவ்வளவு நெருக்கம்.

தக்கலை_டெஸ்ட்பேட்ச் எழுதியது:

மேலே சொன்னதில் விட்டுப்போனது மட்டும்.

மீள்பார்வை: ஞாயிறு 1 மணி நேரம் அந்த வாரத் தாள்கள், மாதக் கடைசியில் 3 மணி நேரம் மொத்தத் தாள்கள். தாளைத் திரும்ப வாசிக்காதீங்க. மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்து, விட்டதை மட்டும் சிவப்பில் சேருங்க. 12க்கு 5 வருவதற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். வாசிக்கும்போது தெரிந்தது போல இருப்பது வேறு, நாலு விடைக்கு நடுவே எடுத்துச் சொல்வது வேறு.

கலைச்சொல்: ஒவ்வொரு தாளிலும் முக்கியச் சொல்லை இரண்டு மொழியிலும் எழுதுங்க. அருமண் என்றால் ரேர் எர்த், ஈரநிலம் என்றால் வெட்லேண்ட், உயிர்க்கோளக் காப்பகம் என்றால் பயோஸ்பியர் ரிசர்வ். பொது அறிவு வினாவில் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. தமிழ்வழியில் படிப்பவர்கள் கேள்வி புரியாமலே விடுவது இந்த இடத்தில்தான்.

விடைத்தாள்: டிஎன்பிஎஸ்சியில் தப்பான விடைக்கு மார்க் கழிப்பதில்லை, ஆனால் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டால் கழிப்பார்கள். விடை தெரியாததற்கு ஈ (ஆங்கில E) என்ற ஐந்தாவது வட்டம் இருக்கு. இரண்டு விடையை நீக்க முடிந்தால் மிச்ச இரண்டில் ஒன்றைத் துணிந்து நிரப்புங்க. யுபிஎஸ்சியில் இந்தத் துணிச்சலுக்கு விலை உண்டு: பொது அறிவுத் தாளில் 100 கேள்வி, 200 மார்க், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். இரண்டுக்கும் சேர்த்துப் படிப்பவர்கள் மாதிரித் தேர்வையும் இரண்டு விதமாக எழுதிப் பழகணும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் நடக்கும். அங்கே எழுதின வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தப்பான ஒவ்வொன்றுக்கும் எந்தத் தாளில் இடமில்லாமல் போனது என்று பாருங்க. இடமே இல்லை என்றால் அன்றைக்கே ஒரு புதுத் தாள் போடுங்க.