அப்பாவிடம் மூன்று மரமணி, எனக்கு இரண்டு: சாரணர் சீருடையில் எதை அணிவது?

மலைவாத்தியார்:
வணக்கம். ஏற்காட்டில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகச் சாரண ஆசிரியர் பொறுப்பும் என்னிடம்தான். எங்கள் சாரணப் படையில் மூன்று அணிகள், 24 பிள்ளைகள். அடிப்படைப் பயிற்சி, முதுநிலைப் பயிற்சி இரண்டையும் முடித்து, படையில் செய்து காட்ட வேண்டியவற்றையும் செய்து, போன மாதம்தான் சாரண ஆசிரியர்களுக்கான இமய வனக்கலை (உட் பேட்ஜ்) சான்றிதழ் கைக்கு வந்தது. ஸ்கார்ஃபும் வந்துவிட்டது. அதோடு தோல்கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணியக் கொடுக்கும் இரண்டு மரமணிகள்தான் வரவில்லை. கேட்டால் கையிருப்பு இல்லை என்கிறார்கள்.

குடியரசு தினத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்குகிறேன். வெறுங்கழுத்தோடு போக மனம் வரவில்லை. வீட்டில் அப்பாவின் மணிகள் இருக்கின்றன. அவரும் சாரண ஆசிரியராக இருந்து பிறகு உதவிப் பயிற்சியாளர் ஆனவர். அதனால் மூன்று மணிகள். காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடையதை அப்படியே அணியலாமா?

போன மாதம் ஒரு பள்ளி விழாவில் ஆர்வக்கோளாறில் அணிந்து பார்த்தேன். மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் "கழற்றுங்கள்" என்றார். காரணம் சொல்லவில்லை. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

இன்னொரு சங்கடம்: பெட்டியைத் திறந்தால் தோல்கயிறு முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மழைக்காலம் போதும், செருப்பும் இடைவாரும் அரிசி மாவில் புரட்டியதுபோல் ஆகிவிடும். நைலான் கயிற்றில் கோத்துவிடலாமா?

ஐந்துரோட்டுக்காரன்:
மணி வரும்வரை செவ்வாய்ப்பேட்டையில் சொல்லி வெள்ளியில் இரண்டு செய்துகொள்ளுங்கள். கொலுசு செய்யும் கைக்கு இது ஒரு மணி நேர வேலை. சேலத்துக்காரர் என்று பார்த்தவுடனே தெரியும்!

நான்காம்மணி:
வெள்ளி யோசனையை விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். அது மரமாக இருப்பதில்தான் பொருளே இருக்கிறது.

தம்பி, உங்களைக் கழற்றச் சொன்னவர் சொன்ன விதம் தவறு. சொன்ன விஷயம் சரி. மணியின் எண்ணிக்கை அழகுக்காக வைத்தது இல்லை. இரண்டு என்றால் வனக்கலை முடித்தவர். மூன்று என்றால் உதவிப் பயிற்சியாளர், நான்கு என்றால் பயிற்சியாளர். மூன்றாவதும் நான்காவதும் பொறுப்புக்கு உரியவை, ஆளுக்கு உரியவை இல்லை. நீங்கள் மூன்றை மாட்டிக்கொண்டு நின்றால், எதிரே வரும் புதிய சாரண ஆசிரியர் உங்களைப் பயிற்சியாளர் என்று நம்பிச் சந்தேகம் கேட்பார். அதற்காகத்தான் கழற்றச் சொல்லியிருப்பார். தனியாக அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மணியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். 1919 செப்டம்பர் 8 அன்று லண்டனை ஒட்டிய கில்வெல் பூங்காவில் முதல் பயிற்சி முகாம் தொடங்கியது. முடித்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்த பேடன் பவல், அதாவது சாரணர் இயக்கத்தை நிறுவியவர், தம்மிடம் இருந்த ஒரு மாலையிலிருந்து மரமணிகளை எடுத்துக் கொடுத்தார். ஜூலு தலைவர் டினுசூலுவுக்கு உரியது என்று சொல்லப்படும் நீண்ட மாலை அது. தோல்கயிறும் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் ஒரு முதியவர் அவருக்குக் கொடுத்தது என்பார்கள். மாலையின் மணிகள் எத்தனை பேருக்குப் போதும்? பிறகு அதேபோல் கடைந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று நம் கழுத்தில் தொங்குவது எல்லாம் நகல்தான். நகல் என்பதால் உங்கள் அப்பாவின் மணியும் கடையில் வாங்கும் மணியும் ஒரே தகுதி உடையவை.

ஆகவே என் பதில்: அப்பாவின் மணிகளில் இரண்டை மட்டும் கோத்து அணியுங்கள். உங்கள் சான்றிதழுக்கு உரிய எண்ணிக்கை அதுதான். மூத்தவர் தம் மணியை இளையவருக்குக் கொடுப்பது சாரணர்களுக்குள் பழைய வழக்கம். போவதற்கு முன் உங்கள் மாவட்டப் பொறுப்பாளரிடம் சான்றிதழைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குருளையர்_அக்கா:
பூஞ்சைக்கு நான் சொல்கிறேன், நாகலூர்ப் பக்கம் 11 ஆண்டு குப்பை கொட்டியவள்.

கயிற்றை வீட்டுக்குள் தட்டாதீர்கள், தூள் பறந்து அடுத்த பெட்டியில் போய் உட்காரும். வெளியே கொண்டுபோய்ப் பழைய பல்துலக்கியால் காய்ந்த நிலையிலேயே தேய்த்து உதிர்த்துவிடுங்கள். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தொட்டுப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, நிழலில் காற்றாட இரண்டு நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் தோல் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். எல்லாரும் செய்யும் தப்பு, பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது. ஒரு மாதத்தில் அதன் மேலேயே மறுபடி பூக்கும்.

மணி கோத்த இடத்தில் கயிற்றை விரலால் வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் கயிற்றை மாற்றத்தான் வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் கேட்டால் மெல்லிய தோல்வார் அறுத்துக் கொடுப்பார். நைலான் வேண்டாம், வழுக்கும், முடிச்சு நிற்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் நைலானில் கோத்துக்கொண்டு கரடியூர்க் காட்சிமுனைக்குப் பிள்ளைகளோடு நடந்தார். திரும்பியபோது கழுத்தில் கயிறு மட்டும்தான் இருந்தது.

மலைவாத்தியார்:
ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஸ்கார்ஃபிலும் குழப்பம் இருக்கிறது. சாம்பல் நிற ஸ்கார்ஃபின் முதுகுப்புற முனையில் கட்டம் போட்ட சிறு துண்டு தைத்திருக்கிறது. அதை அணிவதா, படையின் ஸ்கார்ஃபை அணிவதா? எங்கள் தலைமை ஆசிரியரோ, "மணி யார் கண்ணுக்கும் தெரியாது, சட்டைப் பைக்கு மேலே துணியில் ஒரு சின்னம் தைத்துக்கொள்ளுங்கள்" என்று எங்கோ பார்த்த படத்தைக் காட்டுகிறார். காக்கித் துணியில் பச்சை முடிச்சு. தையல்காரரிடம் அளவும் சொல்லிவிட்டார்!

அக்கரைச்_சேலத்தான்:
தையல்காரரை உடனே நிறுத்துங்கள் சார்! அது எங்கள் ஊர்ச் சரக்கு. அதாவது, இப்போது நான் இருக்கும் அமெரிக்காவில் உள்ளது. இங்கே பெரியவர்கள் பெறும் விருதுகளை ஒவ்வொன்றாகத் துணிமுடிச்சாக இடது பைக்கு மேலே வரிசைக்கு மூன்றாகத் தைப்பார்கள். காக்கியில் பச்சை முடிச்சு இங்குள்ள தலைவர்களின் பயிற்சி விருது. பச்சையும் வெள்ளையும் கலந்தது அதற்கும் மேற்பட்ட திறவுகோல் விருது. மகன் சாரணன் என்பதால் நானும் ஒன்று வாங்கினேன். என் சட்டையின் நிறம் வேறு, உங்கள் சாம்பல் சட்டை வேறு. பாரத சாரண சாரணியர் சீருடையில் இதற்கு இடமே இல்லை. ஆனால் வனக்கலை மணி இங்கும் அதே இரண்டுதான், அங்கும் அதே இரண்டுதான். கண்ணுக்குத் தெரியாது என்கிறாரா உங்கள் தலைமை ஆசிரியர்? தெரிய வேண்டியவர்களுக்குப் பத்தடியில் தெரியும்.

நான்காம்மணி:
சரியாகச் சொன்னார். ஸ்கார்ஃபுக்கு வருகிறேன். அந்தக் கட்டம் போட்ட துண்டு மெக்லாரன் குலத்தின் துணி. கில்வெல் பூங்காவை வாங்கிக் கொடுத்தவர் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அந்த நன்றிக்காகத் தைக்கிறார்கள். பயிற்சி முகாமிலும் வனக்கலை முடித்தவர்கள் கூடும் இடத்திலும் அதை அணியுங்கள். படையோடு அணிவகுப்பில் நிற்கும்போது படையின் ஸ்கார்ஃபே முறை. 24 பிள்ளைகள் ஒரு நிறத்தில் நிற்க, நீங்கள் மட்டும் வேறு நிறத்தில் நின்றால் யாருடைய ஆசிரியர் என்று தெரியாது. மணியை எந்த ஸ்கார்ஃபோடும் அணியலாம். கயிறு காலருக்கு அடியில் போக வேண்டும், மணிகள் ஸ்கார்ஃபின் மேல் முன்பக்கம் தொங்க வேண்டும். சட்டைக்குள் தள்ளிவிடாதீர்கள், சாமி கயிறு இல்லை.

புதுச்சாரணர்:
நடுவில் ஒரு சந்தேகம். நான் முதுநிலைப் பயிற்சி வரை முடித்திருக்கிறேன். ஒரு மணி அணியலாமா?

நான்காம்மணி:
கூடாது தம்பி. பாதி மணம் முடிந்தது என்று பாதித் தாலி கட்டுவது உண்டா?

மலைவாத்தியார்:
நிலவரம் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்னபடி துடைத்துக் காயவைத்தேன். கயிறு வளைத்த இடத்தில் வெடித்திருந்தது, புதிய வார் வாங்கிக் கோத்துவிட்டேன். மாவட்டப் பொறுப்பாளரும் சரி என்றார். துணிமுடிச்சைத் தையல்காரர் ஏற்கெனவே பாதி தைத்திருந்தார். கூலியைக் கொடுத்து வாங்கி வந்தேன், மகள் பள்ளிப் பையில் தைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு இடத்தில் தடுமாறினேன். மூன்றில் எந்த இரண்டை எடுப்பது? சன்னலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு மணிகள் வியர்வையும் விரல் எண்ணெயும் ஏறிப் புளியங்கொட்டை நிறத்தில் இருந்தன. ஒன்று மட்டும் வெளிறியிருந்தது. பிற்பாடு வந்த மூன்றாவது அதுதான் போலும். கறுத்த இரண்டையும் கோத்துக்கொண்டேன்.

வெளிறியதைப் பெட்டியில் வைக்கப் போனபோது அம்மா கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். "இது வந்த அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறி வந்தார். விடிந்துதான் கதவைத் தட்டினார்" என்றார். அப்பா என்னிடம் சொன்னதே இல்லை.